யானைக்காலில் முதலில் பார்க்க வேண்டியது விரல் இடுக்கு

யானைக்கால் வீக்கம் உள்ளவர் வீட்டில் இஞ்ச் டேப் இருக்கும், நீர் மாத்திரை இருக்கும், யாரோ சொல்லி வாங்கிய தைலம் இரண்டு பாட்டில் இருக்கும். நாலாவது விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்று மட்டும் யாரும் விரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். வீங்கிய காலில் அந்த இடுக்குதான் மிக நெருக்கமானது, காற்றே போகாது. குனிந்தாலும் தெரியாது. காலைத் தூக்கி முக்காலியில் வைத்து, செல்போன் டார்ச்சை அடித்து, ஒரு கைக்கண்ணாடியைக் கீழே பிடித்தால் தெரியும்: நாளெல்லாம் துணி துவைத்த கைபோல வெளுத்து ஊறிய தோல், அதன் அடியில் நூல் கனத்தில் ஒரு வெடிப்பு, லேசான நாற்றம். நாம் சேற்றுப்புண் என்று அலட்சியமாகச் சொல்லும் அதே சமாசாரம். சாதாரணக் காலில் அது அரிப்போடு போய்விடும். நிணநீர் ஓட்டம் கெட்ட காலில் அதுதான் வாசற்கதவு.

ரத்தக் குழாயிலிருந்து சதைக்குள் கசியும் நீரிலும் புரதத்திலும் ஒரு பகுதியைத் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. வழியில் நுழையும் கிருமிகளை நெறிகளுக்கு, அதாவது நிணநீர் முடிச்சுகளுக்குக் கொண்டுபோய்ச் சிக்கவைப்பதும் அவைதான். இந்தக் குழாய்களுக்குள்தான் வுச்செரேரியா பான்கிராஃப்டி என்ற புழு குடியிருக்கிறது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், தலைமுடி கனம். சாக்கடைக் கொசுவான கியூலெக்ஸ் அதைப் பரப்புகிறது. புழு இருக்கும் இடத்தில் குழாய் விரிந்து, அதன் வால்வுகள் பிடிப்பு விட்டுப்போகின்றன. நீர் தேங்குகிறது. கூடவே தேங்கும் புரதம் வருடக்கணக்கில் நாராக இறுகுகிறது. அதனால்தான் ஆரம்பத்தில் விரலால் அழுத்தினால் குழி விழுந்த கால், பின்னால் கட்டைபோல ஆகிறது.

அடிக்கடி வரும் குளிர்சுரத்தை நெடுங்காலம் புழுவின் வேலை என்றே எல்லோரும் நினைத்தார்கள். சுரம் வந்தால் டிஇசி என்ற புழு மாத்திரை என்பதுதான் வழக்கம். பிரேசிலின் ரெசிஃபே நகரில் ஜெருசா ட்ரெயர் குழுவினர் 1990களில் செய்த வேலைதான் பார்வையைத் திருப்பியது: பெரும்பாலான சுரம் பாக்டீரியாவால் வருகிறது, அது நுழையும் வழி விரல் இடுக்கு, சோப்பும் தண்ணீரும் அதைத் தடுக்கும். ஒவ்வொரு சுரமும் மிச்சமிருக்கும் நிணநீர்க் குழாய்களில் கொஞ்சத்தை எரித்துவிட்டுப் போகிறது. கால் ஒரு படி பெருக்கிறது, பெருத்த கால் இன்னும் எளிதில் சீழ்பிடிக்கிறது. இந்தச் சுழலை எங்கே வெட்டலாம் என்று கேட்டால், வெட்டச் சுலபமான இடம் இடுக்கில் உள்ள அந்த நூல் வெடிப்புதான். வீக்கத்தை வற்றவைப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

கழுவுவது

"தினமும்தான் குளிக்கிறோமே" என்பார்கள். குளிக்கும்போது காலில் தண்ணீர் வழிகிறது, அவ்வளவுதான். இது தனி வேலை. நாளுக்கு ஒரு தடவை, மடிப்பும் கசிவும் இருந்தால் இரண்டு தடவை, காய்வதற்கான நேரத்தையும் சேர்த்து அரை மணி ஒதுக்க வேண்டும். நல்ல வெளிச்சம், உட்கார நாற்காலி, ஒரு டப், ஒரு குவளை, வாசனை இல்லாத சாதாரணக் குளியல் சோப்பு, மெல்லிய பழைய பருத்தித் துணி, உலர்ந்த துண்டு. தேசியத் திட்டத்தில் நோயாளிகளுக்குத் தரப்படும் பெட்டியிலும் டப், குவளை, சோப்பு, துண்டு, பூஞ்சைக் களிம்பு எல்லாம் இருக்கும். பல வீடுகளில் அந்த டப்பில் அரிசி ஊறுவதைப் பார்க்கலாம்.

தண்ணீர் சூடாக இருக்கக் கூடாது. வெந்நீர் ரத்த ஓட்டத்தைக் கூட்டி வீக்கத்தை ஏற்றும். உணர்ச்சி மங்கிய தோல் வெந்துபோனாலும் தெரியாது. சூடாக்காத சுத்தமான தண்ணீர் போதும். வீக்கம் தொடங்கும் மேல் பகுதியிலிருந்து பாதம் நோக்கி இறங்க வேண்டும், இடுக்குகள் கடைசியில். சோப்பை நேரே காலில் தேய்க்காமல் கையில் நுரைத்துப் பூசுங்கள். மடிப்பு இருந்தால் இரண்டு விரலால் விரித்து, அடி தெரிகிறதா பாருங்கள். அடி தெரியாத ஆழமான மடிப்பு என்றால், துணியை நாடாவாகக் கிழித்து உள்ளே விட்டு மெதுவாக இழுக்க வேண்டும். விரல் இடுக்குக்கும் அதே வழிதான். விரலை விட்டுத் திணித்தால் வெடிப்பு பெரிதாகும். பிரஷ், பீர்க்கங்கூடு, குதிகால் தேய்க்கும் கல் எதுவும் இந்தக் காலுக்கு வேண்டாம். டெட்டாலை அப்படியே ஊற்றுவதும் வேண்டாம்.

சோப்பு போகும்வரை கழுவுங்கள். டப்பில் தண்ணீர் தெளிந்தால்தான் போய்விட்டதாக அர்த்தம். மிஞ்சிய சோப்பும் தோலை அரிக்கும்.

அடுத்தது துடைப்பது. கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். நன்றாகக் கழுவிவிட்டு ஈரத்தோடு செருப்பை மாட்டினால், கழுவாமல் இருந்ததைவிட மோசம். துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. இடுக்கிலும் மடிப்பிலும் உலர்ந்த துணிநாடாவை விட்டு இழுத்து, அது ஈரமில்லாமல் வெளியே வரும்வரை மாற்றுங்கள். பிறகு பத்து நிமிடம் டேபிள் ஃபேனுக்கு முன்னால் காலைக் காட்டிக்கொண்டு உட்காருங்கள். ஹேர் டிரையர் வைத்திருப்பவர்கள் சூடில்லாத காற்றில் மட்டும்.

இடுக்கு வெளுத்திருந்தால் ஒரு சதவீத குளோட்ரிமசோல் களிம்பு, அல்லது விட்ஃபீல்டு களிம்பு. பூச்சு தெரிந்தும் தெரியாமலும் இருக்க வேண்டும். கொழகொழவென்று அப்பினால் களிம்பே ஈரத்தைப் பிடித்து வைக்கும். சரியானதுபோலத் தெரிந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். மேல்தோல் மூடினாலும் பூஞ்சை அடியில் இருக்கும். விட்ஃபீல்டு களிம்பு திறந்த வெடிப்பில் எரியும், அதனால் வெடிப்பு ஆறும்வரை குளோட்ரிமசோல்தான் நல்லது. நீர் வடியும் புண்ணுக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைசல் பழைய வைத்தியம், இன்றும் பயன்படுகிறது. நிறம் வெளிர் ரோஸ் தாண்டக் கூடாது. கரையாத ஒரு துகள் தோலில் ஒட்டினாலும் சுட்டுவிடும் என்பதால் தனிப் பாத்திரத்தில் கரைத்து, வடிகட்டி ஊற்றுங்கள். முழங்காலுக்குக் கீழ் வறண்டு செதிலாகும் தோலுக்கு வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவலாம். இடுக்கில் ஒருபோதும் எண்ணெய் கூடாது.

மஞ்சள் பூசும் வழக்கம் பற்றி ஒரு வார்த்தை. மடிப்பில் காய்ந்து ஒட்டும் மஞ்சள் அழுக்கைப் பிடிக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட, புதிதாக வரும் சிவப்பை அது மறைத்துவிடுகிறது. சிவப்பு கண்ணில் படும் நேரம்தான் நமக்குக் கிடைக்கும் முன்னெச்சரிக்கை. மெட்டியும் அப்படித்தான். இரண்டாவது விரலின் அடித்தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்க முடியவில்லை என்றால் நிணநீர் வீக்கம் என்பது ஸ்டெம்மர் சோதனை. மெட்டி உட்காரும் விரலும் அதுவே. கழற்ற முடியாமல் இறுகிய மெட்டியை இன்றே தட்டாரிடம் காட்டி வெட்டி எடுங்கள். சுரம் வந்து விரல் வீங்கிய பிறகு வெட்ட இடம் இருக்காது.

சுரம் வந்துவிட்டால்

பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வரும். பல் கிட்டும் அளவு குளிர், தலைவலி, தொடை இடுக்கில் நெறி கட்டி வலி, சில மணி நேரத்தில் கால் சிவந்து அனல்போல் கொதிப்பது. மழைக்காலத்திலும் நடவு நேரத்திலும் அதிகம்; பாதம் நாளெல்லாம் சேற்றில் இருக்கிறதல்லவா. பாட்டி வைத்தியம் இங்கே உப்பு ஒத்தடம் போடச் சொல்லும். போடாதீர்கள். சூடு சீழையும் வீக்கத்தையும் வளர்க்கும். தண்ணீரில் நனைத்த துணியைக் காலில் சுற்றி, காயக் காய மாற்றுங்கள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுக்க வேண்டும். சுரத்துக்குப் பாராசிட்டமால், நிறையத் தண்ணீர். வலி தாங்கினால் காலைக் கழுவுவதை நிறுத்த வேண்டாம். ஏற்கெனவே பேண்டேஜ் கட்டியிருந்தால் உடனே அவிழ்த்துவிட்டு, சுரம் முழுக்க அடங்கும்வரை கட்டாதீர்கள். கொப்புளத்தை ஊசியால் குத்தக் கூடாது. பச்சிலை அரைத்துப் பூசக் கூடாது.

ஆன்டிபயாடிக் வேண்டும், அதைத் தள்ளிப்போடக் கூடாது. வழக்கமாக அமாக்சிசிலின் 500 மில்லிகிராம் நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது எட்டு நாள். பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் வேறு மருந்து என்பதால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்ல வேண்டும். மூன்றாம் நாளே சுரம் விட்டுவிடும், பலர் மாத்திரையையும் அதோடு நிறுத்திவிடுவார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி சுரம் வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். பிதற்றல், நிற்காத வாந்தி, மூச்சிரைப்பு, சிறுநீர் குறைவது, தோல் கறுப்பது — இவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். டிஇசி மாத்திரையைச் சுர நேரத்தில் போடக் கூடாது. சுரம் அடங்கியதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது: கிருமி நுழைந்த வெடிப்பைத் தேடிக் கண்டுபிடிப்பது. இடுக்கில் இல்லையென்றால் குதிகால் பிளவு, நகக்கண், செருப்பு கடித்த இடம், கொசுக்கடியைச் சொறிந்த தடம். வருடத்துக்குப் பலமுறை சுரம் வருபவர்களுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை 12 லட்சம் யூனிட் பென்சாத்தின் பென்சிலின் ஊசி போடுவார்கள். கழுவாமல் ஊசியை மட்டும் நம்பினால் பயன் பாதிதான்.

கட்டு

இடுக்கு ஆறி, சுரம் இல்லாமல் சில வாரம் கடந்ததும் வீக்கத்தைக் குறைக்க இறங்கலாம். கட்டுவதற்கு முன் மருத்துவர் பாதத்தில் நாடி பார்த்திருக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கும் புகைபிடிப்பவர்களுக்கும் ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம். அந்தக் காலை இறுக்கிக் கட்டினால் விரல் அழுகும். இதயம் பலவீனமானவர்களுக்கும் கட்டு ஆபத்து, காலில் தேங்கிய நீர் மொத்தமும் இதயத்துக்குத் திரும்பும்.

மெடிக்கல் ஷாப்பில் பேண்டேஜ் என்று கேட்டால் நீளும் கிரேப்பைத்தான் எடுத்துத் தருவார்கள். நமக்கு வேண்டியது ஷார்ட் ஸ்ட்ரெச், அதாவது கொஞ்சமாகவே இழுபடும் பருத்திப் பேண்டேஜ். அது நடக்கும்போது சதையை எதிர்த்து நிற்கும், படுத்திருக்கும்போது அமுக்காது. நீளும் ரகம் இதற்கு நேர்மாறு. படுத்திருந்தாலும் விடாமல் இறுக்கும், நடக்கும்போது சதையோடு சேர்ந்து விரிந்து கொடுத்துவிடும். கிரேப்தான் கிடைத்தது என்றால் அதைப் பகலில் மட்டும் கட்டி, படுக்குமுன் அவிழ்த்துவிடுங்கள்.

முழங்கால்வரை கட்ட: குழாய்போன்ற பருத்தி உறை ஒன்று, விரல்களுக்கு 4 சென்டிமீட்டர் காஸ் துணிச்சுருள், 10 சென்டிமீட்டர் பஞ்சுச் சுருள் இரண்டு, பேண்டேஜ் 8 சென்டிமீட்டரில் ஒன்று, 10 சென்டிமீட்டரில் இரண்டு. கட்ட வேண்டிய நேரம் காலையில், படுக்கையிலிருந்து கால் தரையில் படுமுன். பத்து மணிக்குக் கட்டினால் வீக்கத்தைக் கட்டி வைப்பதாகத்தான் ஆகும்.

உறையைப் போட்டதும் விரல்களை ஒவ்வொன்றாகக் காஸால் சுற்றுங்கள், நகம் வெளியே தெரியட்டும். விரல்களை விட்டுவிட்டுப் பாதத்தை மட்டும் கட்டினால் நீரெல்லாம் விரல்களில் வந்து தங்கும். அடுத்தது பஞ்சு. கணுக்காலின் முண்டுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் ஒரு பள்ளம் இருக்கும், அதை நிரப்புங்கள். முன்எலும்பின் மேலும் தடித்த பஞ்சு வேண்டும், இல்லையென்றால் தோல் வெட்டும். மடிப்புகளின் பள்ளத்தையும் நிரப்பி, காலை மொத்தத்தில் கீழே குறுகி மேலே அகலும் உருளையாக்குங்கள். காரணம் இருக்கிறது. ஒரே இழுப்பில் சுற்றினாலும் மெலிந்த இடத்தில் அழுத்தம் கூடும், பருத்த இடத்தில் குறையும். உருவம் சரியாக இருந்தால் கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தம் தானாகவே அமைந்துவிடும். மேலே வேண்டுமென்றே தளர்த்திக் கட்டத் தேவையில்லை.

பாதத்தை நேராக, காலுக்குச் செங்கோணத்தில் வைத்துக்கொண்டு, 8 சென்டிமீட்டர் பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்குங்கள். பாதத்தைத் தொங்கவிட்டுக் கட்டிவிட்டு எழுந்து நின்றால் கணுக்கால் முன்மடிப்பில் துணி சுருண்டு அறுக்கும். குதிகாலை எட்டு வடிவில் முழுக்க மூடுங்கள், இடைவெளி விட்டால் அங்கே புடைக்கும். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூட வேண்டும். சுருளைக் காலோடு ஒட்டி உருட்டிக்கொண்டே போங்கள். கையை நீட்டி இழுத்தால் இழுப்பு மாறிவிடும். 10 சென்டிமீட்டர் பேண்டேஜ்கள் கணுக்காலிலிருந்து முழங்காலுக்கு இரண்டு விரல் கீழ்வரை, இரண்டாவது எதிர்த் திசையில். முனையை ஒட்டுநாடாவால் ஒட்டுங்கள். பேண்டேஜோடு வரும் பல்லுள்ள கிளிப் தோலைக் கிழிக்கும், அதைக் குப்பையில் போடுங்கள்.

கட்டி முடித்ததும் விரல்நகத்தை அழுத்தி விடுங்கள். இரண்டு விநாடியில் நிறம் திரும்ப வேண்டும். பத்து நிமிடம் நடந்துவிட்டு மறுபடி பாருங்கள். விரல் நீலமானாலோ மரத்தாலோ குத்தினாலோ அவிழ்த்துவிட வேண்டும், "பழகிவிடும்" என்று பொறுத்துக்கொள்ளக் கூடாது. முதல் வாரத்தில் மதியத்துக்குள் கட்டு வழுகி இறங்கினால் கட்டத் தெரியவில்லை என்று பலர் விட்டுவிடுகிறார்கள். உண்மையில் கால் வற்றியதால்தான் அது தளர்கிறது. மறுபடி கட்டுங்கள்.

கட்டோடு சும்மா உட்கார்ந்திருந்தால் பாதி வேலைதான் நடக்கும். கெண்டைச்சதை சுருங்கி விரியும்போதுதான் நீர் மேலேறும். நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் இருபது தடவை, கணுக்காலை வட்டமாகப் பத்து தடவை, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பத்து தடவை. ஒரு நாளில் மூன்று வேளை. தொடங்குமுன் வயிறு உப்பும்படி நாலைந்து ஆழ்ந்த மூச்சு. இரவில் கட்டிலின் கால்மாட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு செங்கல். தலையணையை மட்டும் கெண்டைக்காலுக்கு வைத்தால் முழங்கால் மடங்கி, நீர் அங்கேயே நிற்கும்.

தைலம் போட்டு அழுத்தி உருவுவது வேறு, நிணநீர் வடிக்கும் தடவல் வேறு. பின்னதில் தோல் மட்டும் நகரும், சிவக்காது, எண்ணெய் கிடையாது. தொடை இடுக்கை முதலில் தடவி வழி திறந்துவிட்டு, பிறகு தொடை, அப்புறம்தான் கெண்டைக்கால். கீழிருந்து தொடங்கினால் மூடிய வாய்க்காலில் தண்ணீர் தள்ளுவதாகத்தான் இருக்கும். சுரம் இருக்கும்போது இதுவும் வேண்டாம்.

வாரம் ஒருநாள், காலையில், கட்டு போடுமுன் அளவெடுங்கள். பாதத்தின் நடு, கணுக்கால், தரையிலிருந்து 20, 30 சென்டிமீட்டர் உயரம். பேனாவால் புள்ளி வைத்து, காலண்டரிலேயே எழுதுங்கள். மூன்று நாலு வாரம் எண்கள் அசையாமல் நின்றால்தான் பிரஷர் ஸ்டாக்கிங்குக்கு, அதாவது காலை அமுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறைக்கு, அளவு கொடுக்கும் நேரம். வீங்கிய காலுக்கு அளவெடுத்துத் தைத்த ஸ்டாக்கிங் வீக்கத்தைத்தான் காக்கும். 20–30, 30–40 என்று பாதரச மில்லிமீட்டரில் எண் போட்டிருக்கும், எது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். இரண்டு ஜோடி வேண்டும், ஒன்று காயும்போது ஒன்று போட. ஆறு மாதத்தில் இழுவை செத்துவிடும். போட வராவிட்டால் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை போட்டு மேலே தள்ளுங்கள். மேல் விளிம்பைச் சுருட்டி மடித்து விடுகிறார்களே, அது கயிறு கட்டுவதற்குச் சமம்.

நீர் மாத்திரை இந்த வீக்கத்துக்கு மருந்தல்ல. நீர் கொஞ்சம் போகும், புரதம் போகாது. புரதம் மறுபடி நீரை இழுக்கும். டிஇசியும் புழுவுக்கான மருந்து, வீக்கத்தை இறக்காது. வீக்கம் உள்ள பெரும்பாலோரின் ரத்தத்தில் இரவில் எடுத்துப் பார்த்தாலும் புழுக்குஞ்சு இருக்காது. ஆனால் ஊரில் ஒரே நாளில் எல்லோருக்கும் தரும் மாத்திரையை வீட்டில் உள்ளவர்கள் விழுங்கத்தான் வேண்டும், அது அடுத்த கால் வீங்காமல் இருப்பதற்காக. இலங்கை 2016இல் இந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று பெற்றது. காலைச் சுற்றி உறைபோட்டுக் காற்றால் அமுக்கும் பம்ப் உதவும், ஆனால் கட்டுக்குப் பதில் ஆகாது. யோகாவையும் மூலிகைக் கழுவலையும் கட்டோடு சேர்த்துச் செய்யும் முறைக்குக் காசர்கோட்டில் உள்ள இன்ஸ்டிட்யூட் ஆஃப் அப்ளைட் டெர்மட்டாலஜி பேர்போனது. அங்கும் கழுவலும் கட்டும்தான் முதுகெலும்பு.

எல்லாக் கால் வீக்கமும் யானைக்கால் அல்ல. இரண்டு காலும் ஒரே அளவில் வீங்கினால் இதயம், சிறுநீரகம், கல்லீரலைப் பார்க்க வேண்டும். ஒரு கால் திடீரென்று ஒரே நாளில் வலியோடு வீங்கினால் ரத்தம் உறைந்திருக்கலாம், அதைத் தடவவோ கட்டவோ கூடாது, அன்றே ஸ்கேன். மார்பகப் புற்றுக்கு அக்குள் நெறி எடுத்தவர்களின் கையும், கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு வாங்கியவர்களின் காலும் வருடங்கள் கழித்தும் வீங்கலாம். அவர்களுக்குப் புழு இல்லை என்பதைத் தவிர மேலே சொன்ன கழுவலும் கட்டும் சுர வைத்தியமும் அப்படியே பொருந்தும். வீக்கம் புதிதாக வந்தால் மட்டும், கட்டுவதற்கு முன் புற்று திரும்பவில்லை என்று பார்த்துவிட வேண்டும்.

ஆண்களுக்கு விதைப்பையில் நீர் கோத்துக்கொள்வதும் இதே புழுவால் வரலாம். காலைக் காட்ட வருபவர்கள் இதைச் சொல்லாமலே வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள். காலுக்கு வாழ்நாள் முழுக்கக் கழுவலும் கட்டும். இதற்கோ ஒரு அறுவை சிகிச்சை போதும், அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாமல் நடக்கிறது. கேட்டால்தான் தேதி தருவார்கள்.